வாடகை மூக்கு

காலை எட்டு மணி வாக்கில் எங்கள் கேட்டுக்கு மேலே ஒரு கை வரும். முதலில் கை, அப்புறம்தான் குரல்.

"இன்னா வாசன வருது, சொல்லும்மா."

உள்ளங்கையில் கறுப்பாக ஒரு பிடி எரு இருக்கும். எங்கள் தெருவில் கூட்டிய வேப்பஞ்சருகு, மாவிலை, வெட்டிப் போட்ட செம்பருத்திக் கிளை எல்லாம் மக்கி, மண்ணாகிற வழியில் பாதி தூரம் வந்திருக்கும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை வாசனைதான் சொல்லும். அவருக்கு வாசனை தெரியாது. பார்க்க நல்ல எடுப்பான மூக்கு. ஆனால் மல்லிகைப்பூ, மத்திமீன், சாம்பிராணி, சாக்கடை எதுவும் அதற்குள் போகாது.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி, சேலையூர் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு நான் குடிவந்தேன். அப்போதே அவர் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நாலைந்து கோணிகளைப் போட்டுக்கொண்டு, "சருகு, கெள, புல்லு!" என்று குரல் கொடுத்தபடி மிதித்து வருவார். வாசலில் கட்டி வைத்த கோணியை எடுத்துக்கொண்டு காலிக் கோணியை வைத்துவிட்டுப் போவார். அவர் வருவதற்கு முன்பு எல்லோரும் சருகைத் தெருவோரம் கூட்டிக் கொளுத்திவிடுவார்களாம். அவர் வந்த பிறகும் சிலர் கொளுத்தினார்கள். புகையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார். "சொம்மா கெடந்தாலே மண்ணாப் பூடும் சார் இது. அத்தப் போயி கொளுத்தினு கீறியே," என்பார். வீட்டுக்காரர் முறைத்தால் சிரித்துக்கொண்டே காலால் நெருப்பை ஒதுக்கிவிட்டு, எரியாத மிச்சத்தைக் கோணியில் அள்ளுவார்.

தெருவில் அவரைச் சருகுக்காரர் என்பார்கள். நான் அண்ணா என்றேன். என்றேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நான் பத்தாவது வரை படித்தவள், ஆனால் யாராவது முகம் பார்த்துப் பேசினால் தலையைக் குனிந்துகொள்வேன். பால்காரரிடம் பாத்திரத்தை நீட்டிவிட்டு நிற்பேன். எவ்வளவு வேண்டும் என்பதை அவரே நினைவு வைத்து ஊற்ற வேண்டும்.

முதல் நாள் அந்தக் கை கேட்டுக்கு மேலே வந்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்ற வீடுகளில் "சீ, அந்தாண்ட போய்யா" என்பார்கள். கொஞ்சம் இரக்கப்பட்டவர்கள் தூரத்தில் நின்றே "நல்லா இருக்குப்பா" என்பார்கள். எனக்கு முடியாது என்று சொல்லவும் வராது. அதனால் குனிந்து மோந்து பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நான் ஏதாவது சொல்லும்வரை நிற்பார் போலிருந்தது.

"புளிச்ச தோசைமாவு மாதிரி இருக்கு," என்றேன்.

"அக்காங்! இத்தத்தான் ஒரு மாசமா கேட்டுகினு கீறேன், ஒருத்தனும் சொல்ல மாட்றான். தண்ணி ஜாஸ்தியா பூட்ச்சி. காஞ்ச சருகு போட்டுப் பொரட்டணும்."

அன்றிலிருந்து தினமும் எங்கள் கேட்டுக்குத்தான் வந்தார். நானும் தினமும் சொன்னேன். ஈரக் கோணி மாதிரி இருக்கிறது என்றால் எருக்குவியலை மூடிய தென்னங்கீற்றை விலக்கிக் காற்றுவிடுவார். மாட்டுக்கொட்டகை மாதிரி என்றால் தலையாட்டிவிட்டு நாலு நாள் தொடாமல் விடுவார். ஒரு வாசனையும் வரவில்லை என்றால் அதுதான் அவருக்குப் பெரிய கவலை. "தூங்கிட்ச்சி," என்பார். சாணத்தைக் கரைத்து ஊற்றுவார். மழை விட்டதும் மண்ணிலிருந்து ஒன்று கிளம்பி வருமே, அது மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. சலித்து மூட்டை கட்டுவார். தாம்பரத்தில் செடி விற்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து ஒரு ஆள் நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்பதுகூட என்னைக் கேட்டு நடந்ததில்லை.

சலிக்கிற நாளில் அவர் மனைவியும் வருவார். வாய் ஓயாது. "யம்மா, ஒன் மூக்க எங்க வூட்டுக்காரரு வாடகைக்கு எட்த்துகினு கீறாரு. ஒரு நாளு எனக்கும் வுடு, கருவாடு வாங்கறதுக்கு வோணும்," என்பார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவேன்.

மூக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான். அவரே துண்டு துண்டாகச் சொன்னார். வாலிபத்தில் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை. முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிப் போட வேண்டும்.

"கல்யாணமான புச்சுல எம் பொண்டாட்டி அந்தாண்ட திரும்பித்தான் படுப்பா. எம்மேல அவ்ளோ நாத்தம். ஒரு நாளு பாத்தா நாத்தமே இல்ல. சரி, கம்பெனில மருந்து கிருந்து மாத்திட்டாங்கன்னு நென்ச்சிக்கினேன். வூட்டுக்கு வந்து, இன்னிலேர்ந்து நாத்தம் கெடையாதுமே, இந்தாண்ட திரும்புன்னு சொல்றேன். வெளக்குமாத்த எட்த்துட்டா."

இதைச் சொல்லி அவரே முதலில் சிரிப்பார். அடுப்பில் சோறு தீய்ந்து கருகி அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த கதையும் உண்டு. மூக்கு போன பிறகு எதற்கு இந்த வேலை என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். "மூக்கு இருக்கறவன் எவன் சார் இத்த செய்வான்?" என்று பதில் சொன்னார்.

சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான். எனக்குப் பெண் குழந்தை பிறந்து, அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தேன். கேட்டருகே நின்று நான் குழந்தையின் உச்சந்தலையை மோந்துகொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எம் பொண்ணு பொறந்தப்போ எல்லாரும் இப்டித்தான் வாங்கி வாங்கி மோந்து பாத்தாங்கோ," என்றார். "நானும் மோந்தேன்."

வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நாலாவது, ஒரு காலி மனை. தெருச் சங்கத்தின் செயலாளருடையது. இப்போது அங்கே மூன்று மாடிக்கு ஃபிளாட் எழும்பி, கீழே மருந்துக் கடை இருக்கிறது. அந்த நாளில் அந்த மனையில்தான் அவருடைய குவியல் இருந்தது. வீடு கட்டும்வரை வைத்துக்கொள்ளலாம், நாற்றம் மட்டும் வரக் கூடாது என்று செயலாளர் சொல்லியிருந்தார். அந்த மனையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஏரிக்கரையில் இருந்த அவர் வீட்டில் மூன்று பேர் படுக்கவே இடம் போதாது. குவியல் போட இடம் இல்லையென்றால் தெருத்தெருவாகச் சருகு அள்ளி என்ன செய்வது?

அதனால் கோணியில் என்ன விழுகிறது என்பதில் மட்டும் அவர் கறார். "வெந்தது வோணாம், வெளஞ்சது மட்டும் குடு," என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவைத்திருந்தார். சோறு, குழம்பு, கறி எதுவும் கூடாது.

குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் காது குத்தினோம். ஐப்பசி மாதம், விடாத மழை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து என் வீட்டு ஆட்கள், கணவர் வீட்டு ஆட்கள் என்று ஐம்பது பேர். வாழை இலையில் பிரியாணி. சாப்பிட்ட இலைகளைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். கொட்டுகிற மழையில் யார் போவது? என் நாத்தனார் சருகுக் கோணியை இழுத்து, எலும்பும் தயிர்ப்பச்சடியும் ஒட்டிய இலைகளைச் சுருட்டிச் சுருட்டி அதற்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அது அவருக்கு..." என்றேன்.

"குப்பையில என்னடி நல்ல குப்பை, கெட்ட குப்பை? மேல நாலு சருகைப் போட்டுக் கட்டு."

கட்டினேன். மறுநாள் காலை அவர் வந்து கோணியைத் தூக்கி, "இன்னாம்மா, ஈரமா, கனமா கீது?" என்று என்னைப் பார்த்தார். வராந்தா நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். மழைதான் காரணம் என்று அவரே முடிவு செய்துகொண்டு, கோணியை வண்டியில் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நாலு நாள் மழை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை, கேட்டுக்கு மேலே கை வந்தது.

"நாளிக்கு செயலாளர் சாரு வர்றாராம். பக்கத்து வூட்ல ஈ மொய்க்குதுன்னு சொல்லிட்டாங்களாம். தொறந்து காட்டணும். இன்னா வாசன வருது, பாத்து சொல்லும்மா."

நான் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. கை வரும்போதே அது வந்துவிட்டது. அதில் எங்கள் வீட்டுப் பிரியாணியின் பட்டை வாசனைகூட எனக்குத் தெரிந்தது. சொன்னால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட நாத்தனார், "யாருடி அது காலங்காத்தால?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்றேன்.

"மண்ணு வாசனையா?"

தலையாட்டினேன்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. செயலாளர் குடையோடு வந்தார். மனைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். சருகுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கீற்றை விலக்கினார், மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார், இரண்டு கையாலும் அள்ளி செயலாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். மய பெஞ்ச மண்ணு மாரி கீது."

செயலாளர் இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையை எடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா, "ஐயோ சாமி!" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கே ஓடிவிட்டார். சருகுக்காரர் மட்டும் சிரித்த முகமாக, கையை நீட்டியபடியே நின்றார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக எங்கள் கேட்டைப் பார்த்தார்.

கையிலிருந்ததை மெதுவாகக் கீழே போட்டார்.

"எம்மேலதான் தப்பு சார். மய தண்ணி உள்ள எறங்கிட்ச்சி. ஒரு வாரம் டைம் குடுங்க."

"ஒரே வாரம்தாம்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். ஸ்மெல் இருந்துச்சுன்னா டிராக்டரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் வாரிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

திங்கட்கிழமை காலை கோணியை எடுத்துக்கொண்டு போனார். கை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. தெருமுனை டீக்கடையில் அவர் கையை நீட்டியதையும், டீ மாஸ்டர் "யோவ், டீ குடிக்கிற எடத்துல இன்னாய்யா பேஜாரு?" என்று விரட்டியதையும் கேட்டிலிருந்தே பார்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை நாத்தனார் ஊருக்குப் போனார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மனைக்குப் போனேன். கணவரோ மாமியாரோ இல்லாமல் தெருவில் நான் அத்தனை தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. நாலு மனை தூரம்தான். அவர் குவியலைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி காய்ந்த சருகைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கூடையில் எலும்புகள் தனியாகக் கிடந்தன.

"அண்ணா, அது எங்க வீட்டு..."

"தெரியும்மா. எலும்பு ஆப்டப்பவே தெரியும். ஒன் வூட்லதான் அன்னிக்கி விசேசம்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "எலும்பு போட்டது ஒண்ணும் இல்ல. பொறுக்கிட்டேன். நல்லா கீதுன்னு சொன்ன பாரு, அத்தத்தான் இன்னா பண்றதுன்னு தெர்ல. தெருவுல எல்லாரும்தான் நல்லா கீதுன்னு சொல்றாங்கோ. அதுக்கு நான் ஒன் வூட்டாண்ட வந்து நிக்கணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி, "யோவ், கொயந்தக்காரிய அழ வச்சிகினு! சொன்னது போதும்," என்று அதட்டினார்.

"இப்போ காட்டுங்க," என்றேன்.

அவர் ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

"கொஞ்சம்..." என்றேன்.

"கொஞ்சம் இன்னா?"

"நாறுது."

"எது மாரி?"

"செத்த எலி மாதிரி."

"அக்காங்! இப்டி வாய வுட்டு சொல்லு, தெருவுக்கே கேக்கட்டும்," என்றார் அவர் மனைவி.

அந்த வாரம் தினமும் போனேன். வியாழக்கிழமையும் செத்த எலிதான். வெள்ளிக்கிழமை கெட்ட முட்டை. சனிக்கிழமை, நனைந்து மடிந்து கிடந்த துணி. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்று செய்தார். புரட்டினார், மரத்தூள் வாங்கிவந்து கலந்தார், சாயங்காலம் மழை வருவதற்குள் கீற்றைப் போட்டு மூடினார். கடப்பாரையை நட்டு உருவி, அதன் முனையை என் கையில் தொட்டுக் காட்டினார். இளஞ்சூடாக இருந்தது. "உயிரு வந்துட்ச்சி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனையில் இருந்தேன். செயலாளர் தூரத்திலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். மெதுவாகக் கிட்டே வந்தார். சருகுக்காரர் நீட்டிய கையில் குனிந்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"பரவாயில்லையேப்பா! ஒண்ணுமே தெரியலையே!"

பக்கத்து வீட்டு அம்மாவும் ஜன்னலிலிருந்து, "ரெண்டு நாளா இல்ல சார்," என்றார். சருகுக்காரர் மனைவி, கும்பிடுகிறாற்போல் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

அவர் மட்டும் கையை மடக்கவில்லை. என் பக்கம் திருப்பினார்.

"நீ சொல்லும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர், குடை பிடித்த இரண்டு ஆண்கள், ஜன்னலில் அந்த அம்மா. நான் குனிந்தேன். மண் வாசனை வந்தது. அதற்கு அடியில் மெல்லிசாக இன்னொன்றும் இருந்தது. தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் நாறுது அண்ணா," என்றேன்.

"எது மாரி?"

"முட்டை சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சாலும் லேசா ஒண்ணு இருக்குமே, அது மாதிரி."

"அடிப்பாவிப் பொண்ணே!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் செயலாளரிடம் திரும்பினார். "நாறுது சார். இன்னும் நாலு நாளு பொரட்டணும்."

"யோவ், நானே இல்லைங்கறேன்."

"ஒங்களுக்கு சளி கிளி புட்ச்சிருக்கும் சார். அந்தம்மா கீதுன்னு சொன்னா கீது."

செயலாளர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நல்ல ஆளுங்கய்யா நீங்க," என்று சிரித்துவிட்டார். "நாலு நாள் என்ன, பத்து நாள் புரட்டு. ரெடியானதும் என் ரோஜாவுக்கு ரெண்டு மூட்டை அனுப்பு." குடையைச் சுழற்றிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கேட்டுக்கு மேலே கை வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மோந்து சொன்னேன். அவர் போகவில்லை. எருவைச் செம்பருத்தி அடியில் உதறிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கொயந்த தலைல இன்னா வாசனம்மா வரும்?"

நான் குனிந்தேன்.

"நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் பூடாத," என்றார்.

நேரம் எடுத்துக்கொண்டு மோந்தேன். "வெயில்ல காய்ஞ்ச துணி. தேங்காயெண்ணெய். அடியில கொஞ்சம் பால் புளிச்ச மாதிரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார். "எம் பொண்ணுக்கும் இதான் வந்துருக்கும், இன்னா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியாது அண்ணா. குழந்தைக்குக் குழந்தை மாறும். வீட்டுல அக்காவைக் கேட்டுப் பாருங்க."

"அவளையா? இருவது வருசம் கயிச்சி இத்தப் போயி கேட்டா சும்மா வுடுவாளா?" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

மறுநாள் கை வந்தபோது அதில் எரு இல்லை. கழுவிய வெறுங்கை.

"கேட்டேம்மா," என்றார். "மொதல்ல திட்னா. அப்பறம் அடுப்பாண்ட குந்திகினு ரொம்ப நேரம் யோசன பண்ணா."

"என்ன சொன்னாங்க?"

நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கஞ்சி. வடிச்சி ஆறவச்ச கஞ்சி வாசனையாம். தலைலயும் அதானாம், கய்த்தாண்டயும் அதானாம். சொல்லிட்டு அய்துட்டா."

வெறும் உள்ளங்கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய் வைத்து மோந்தார். பிறகு எங்கள் வாசல் கோணியை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு மிதித்தார்.